எட்டு மோதிரங்கள்

விபத்துக்குப் பிறகு ஆதிரை எழுந்து நடப்பதும் வாய்விட்டுப் பேசுவதும் ஓர் இணைய விளையாட்டுக்குள் மட்டும்தான். அங்கே செத்தவர்கள் மறுபடி நுழைய முடியாது. அதற்காகவே அவள் அம்மா சுகந்தியும் வைத்தியக்காரியாக உள்ளே போனாள். தேடித் தேடி மகளின் விரல்களில் மந்திரத் தடுப்பு மோதிரங்களை மாட்டினாள். இன்று காலை எட்டாவதை மாட்டியதும் தடுப்பு நூறு சதவீதம் ஆனது.

"இனிமே எந்த மந்திரமும் உன்னைத் தொடாதுடி," என்று கன்னம் வழித்து நெட்டி முறித்தாள்.

மதியச் சண்டையில் சூனியக்காரர்கள் வீசிய நெருப்பெல்லாம் ஆதிரை மேல் பட்டு அணைந்தது. யாரோ விட்ட சாதாரண அம்புதான் விலாவில் பாய்ந்தது.

சுகந்தி ஓடிவந்து குணமாக்கும் மந்திரத்தைச் சொன்னாள். 'தடுக்கப்பட்டது' என்று கண்முன் எழுத்து வந்தது. மறுபடி சொன்னாள். 'தடுக்கப்பட்டது.' மோதிரங்களுக்கு எதிரியும் தெரியவில்லை, அம்மாவும் தெரியவில்லை.

"கழட்டுடி! எல்லாத்தையும் கழட்டு!"

"சண்டை முடியற வரைக்கும் கழட்ட வராதும்மா."

சுகந்தி பல்லால் கடித்து இழுத்தாள். ஒன்றுகூட அசையவில்லை.

"விடும்மா," என்றாள் ஆதிரை. "இருக்கிற நேரத்துல எங்கூடப் பேசிட்டிரு."

சுகந்தி மந்திரத்தையே சொல்லிக்கொண்டிருந்தாள்.