ஈரம் பார்க்கும் கண்ணாடி

முட்டைக்குள் கொத்தும் சத்தம் நின்றுவிட்டது.

அவர் முட்டை பொரிக்க வைத்திருந்த தெர்மாகோல் பெட்டியின் மூடிமேல் காதை வைத்தார். பிறகு மூடியின் ஓட்டை வழியே பார்த்தார். உள்ளே சூட்டுக்குப் போட்ட குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. காலையில் விரிசல் விட்ட முட்டை அப்படியே கிடந்தது.

மற்றதெல்லாம் கூமுட்டை. எடுத்துப் போட்டாயிற்று. இது ஒன்றுதான் மிச்சம்.

அதன் ஒரு பக்கம் அவர் மனைவி கண்மைப் பென்சிலால் வைத்த பொட்டு. புரட்டியாயிற்றா இல்லையா என்று தெரிவதற்கு. தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோன மறுநாள், பொட்டு வைத்து அடுக்கினாள். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுடைய மூக்குக்கண்ணாடிதான் ஒரு மருந்துக்கடைப் பையில் திரும்பி வந்தது.

எழவு வீட்டில் ஆட்கள் உட்கார்ந்திருக்க, இவர் எழுந்து எழுந்து உள்ளே போய் முட்டையைப் புரட்டினார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

வெளியே ஆடிக்காற்று. கொடியில் போட்ட வேட்டி அதற்குள் மொடமொடவென்று காய்ந்திருந்தது. பெட்டிக்குள்ளும் ஈரம் வற்றினால், முட்டை ஜவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதனால் திரும்ப முடியாது. உள்ளேயே அடங்கிவிடும்.

மகன் வாங்கித் தந்த ஈரமானி எழுபது என்றது. காலையிலும் எழுபது என்றது. நேற்றும் அதையேதான் சொன்னது.

"அதுக்கென்ன வேர்க்குதா, புழுங்குதா? அதப் போயி கேக்கறீங்களே," என்பாள்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மூடியின் ஓட்டைமேல் பிடிப்பாள். ஆவி படிந்தால் சரி. படியாவிட்டால் தண்ணீர்.

அவருக்குத்தான் கை சும்மா இருக்காது. குஞ்சு வந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார். இருக்கிற ஈரமும் போய்விடும். கையிலேயே ஒன்று போடுவாள்.

அந்த அடிக்கு இப்போது ஏங்கினார்.

பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். ஓட்டைமேல் பிடித்தார்.

ஆவி படியவில்லை.

வெந்நீரை விளாவினார். ஓட்டை வழியாக ரப்பர் குழாயை விட்டு, உள்ளே கிண்ணத்தில் இருந்த பஞ்சின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். உட்கார்ந்திருந்தார். மறுபடி கண்ணாடியைப் பிடித்தார்.

ஓரத்தில் லேசாக வெளுத்தது. பிறகு இரண்டு வில்லையும் முழுக்க.

சோறு வடிக்கும்போது அவளுக்கு இப்படித்தான் ஆகும். ஒன்றும் தெரியாமல், துடைக்கவும் செய்யாமல், நின்று சிரிப்பாள்.

அவரும் துடைக்கவில்லை.

டொக்.

மறுபடியும். டொக்.

அவர் கை தானாக மூடிக்குப் போனது. விளிம்பைப் பிடித்தது.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இல்ல புள்ள," என்றார். "தொறக்கல."