அது பார்த்துக்கும்

“இந்த அப்டேட்டை அனுப்பினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னு வை...” ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி பல்லைக் கடித்தாள் மார்லிஸ். “திருப்பத்துல நானே திருப்பணும், சிக்னல்ல நானே நிறுத்தணும்னா இதுக்குப் பேரு தானே ஓடுற காரா?”

பக்கத்து சீட்டில் சாய்ந்திருந்த அவள் கணவர் ஆரின் சிரித்தார்.

“என்கிட்ட ஏன் எரிஞ்சு விழுற? கம்பெனிக்காரன் அனுப்புறான், அது பாட்டுக்கு இறங்கிடுது. நான் என்ன பண்ணட்டும்?”

“அதுவே ஓட்டுறப்போ திரையில நீல வளையம் ஒண்ணு தெரியுமே, அது எங்கே போச்சு?”

“புது அப்டேட்டுல எடுத்துட்டானாம்.”

“நல்லா எடுத்தான் போ!”

அவர்கள் ஊரான வில்மரிலிருந்து ஆஸ்பத்திரி இருக்கும் செயின்ட் கிளவுடுக்கு அறுபது மைல். நாளைக்குக் காலை அங்கே ஆரினுக்கு பைபாஸ் ஆபரேஷன். இன்றைக்கே வந்து படுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாசத்துக்கு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. போக வர எல்லாவற்றுக்கும் மார்லிஸ்தான்.

மார்லிஸுக்கோ கார் ஓட்டுவது என்றாலே குலை நடுங்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பனியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் உருண்டதில், பக்கத்தில் இருந்த தங்கைக்கு இடுப்பெலும்பு முறிந்துபோனது. அன்றோடு சரி. லைசென்ஸைப் புதுப்பித்தாளே தவிர, சாவியைத் தொடவில்லை.

போன வருஷம் இந்த கார் வந்த பிறகுதான், “சும்மா உட்கார்ந்து ரோட்டைப் பாரு, போதும். அது ஓட்டும்” என்று தாஜா பண்ணி அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார் ஆரின். ஒரு வருஷம் மகாராணி மாதிரி போய்வந்தாள்.

யார் கண் பட்டதோ, ஆகஸ்ட்டில் முதல் அப்டேட் வந்தது. லேன் மாறுவது அவள் தலையில் விழுந்தது. அடுத்ததில் சிக்னலில் நிற்பதும் கிளம்புவதும். மூன்று வாரத்துக்கு முன்னால் வந்ததுதான் அநியாயம்.

“எல்லாத்தையும் தலைகீழா மாத்திட்டான் மார்லிஸ்,” என்று அன்றைக்குப் போனைப் பார்த்து வாசித்துக் காட்டினார் ஆரின். “முன்னே அது ஓட்டிச்சு, நீ பார்த்துக்கிட்டே. இனிமே நீ ஓட்டணும், அது பார்த்துக்கும். நீ தப்பு பண்ணினா சட்டுனு பிடிச்சுக்குமாம்.”

அந்த ஒரு தைரியத்தில்தான் இன்றைக்கு நெடுஞ்சாலைக்கே வந்திருக்கிறாள். முன்னால் சோளம் ஏற்றிய லாரி ஒன்று அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது.

“தாண்டு.”

“வேண்டாம்ப்பா. எனக்குக் கை வேர்க்குது.”

“அதான் அது பார்த்துக்கும்ல? எதிர்ல காக்கா குருவிகூட இல்ல. தாண்டும்மா.”

உதட்டைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். லாரிக்காரர் கையசைத்தார்.

பெயின்ஸ்வில் ஊரைத் தாண்டியதும் சோளக்காட்டிலிருந்து ஒரு மான் பாய்ந்தது. மார்லிஸ் வீறிட்டாள். கார் அலுங்காமல் நின்றது. மான் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபக்கம் ஓடிவிட்டது.

“இப்போ பிரேக் போட்டது யாரு? நானா, அதுவா?” அவளுக்கு மூச்சு வாங்கியது.

“யாரா இருந்தா என்ன? மான் பிழைச்சுது, நாமளும் பிழைச்சோம். போ.”

ஆஸ்பத்திரியில் ஆரினைப் படுக்க வைத்தாயிற்று. நெற்றியில் முத்தமிட்டு, அழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்து, லிஃப்டில் அழுது தீர்த்துவிட்டுக் கீழே வந்தாள். வீட்டில் நாய் தனியாக இருக்கிறது. போய்ச் சோறு வைத்து, பக்கத்துப் பண்ணையில் விட்டுவிட்டு, அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதற்குள் திரும்பி வர வேண்டும்.

காரில் ஏறிப் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். அவர் இல்லாமல் எப்படி? பொறுத்தது போதும் என்று கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டுவிட்டாள்.

“இதோ பாரும்மா, நாளைக்கு என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். நான் தனியா அறுபது மைல் போகணும். உங்க புது அப்டேட்டை நீங்களே வச்சுக்குங்க. பழையபடி அதுவே ஓட்டுற மாதிரி மாத்திக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“ஒரு நிமிஷம் மேடம்.” எதிர்முனையில் இருந்த பெண் எதையோ தட்டிப் பார்த்தாள். “ஜூனுக்கு அப்புறம் உங்க காருக்கு எந்த அப்டேட்டும் அனுப்பலையே?”

“என்ன விளையாடுறியா? மூணு வந்திருக்கு!”

“இல்ல மேடம். ஆகஸ்ட்ல லேன் மாத்துற வசதியை உங்க கணக்குல பதிஞ்ச போன்லேர்ந்தே அணைச்சிருக்காங்க. அப்புறம் சிக்னலுக்கு உள்ளதை. மூணு வாரம் முன்னாடி தானே ஓடுற வசதி மொத்தத்தையும் கேன்சல் பண்ணியாச்சு.”

மார்லிஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “அப்போ... நான் ஓட்டுறப்போ அது என்னைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சே?”

“எதுவும் பார்க்கல மேடம். மூணு வாரமா அந்த காரை முழுசா நீங்கதான் ஓட்டியிருக்கீங்க.”

“யாரு... யாரு கேன்சல் பண்ணினது?”

“மிஸ்டர் ஆரின். ஏன் நிறுத்துறீங்கன்னு கேட்டதுக்குக் காரணம்கூட எழுதியிருக்கார், படிக்கட்டுமா? ‘எங்க வீட்டுல இதைவிட நல்ல டிரைவர் ஒருத்தி இருக்கா. அவளுக்கு மட்டும்தான் அது இன்னும் தெரியாது.’”