படத்தின் ஓரம்

கணினியை டிவியோடு இணைத்ததும், திரையில் வைத்திருந்த குடும்பப் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டது. கோடியில் நின்ற மனைவியைக் காணோம். அவன் ரெசல்யூஷன் என்ற திரை அளவில் வேறு எண்களைத் தட்டினான். படம் முழுசாக அடங்கியது. மனைவி நின்ற இடத்தில் வெறும் சுவர்.

"இங்க கொஞ்சம் வாயேன்!"

"கை ஈரமா இருக்கு, இதோ வரேன்," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

'இந்த அளவே இருக்கட்டுமா?' என்று திரை கேட்டது. பதில் சொல்லாவிட்டால் சில நொடிகளில் தானாகவே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அவன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"கச்சிதமா இருக்கேப்பா!" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் எட்டி 'சரி'யை அழுத்தினாள்.

அவன் மனைவியைப் பெயர் சொல்லிக் கத்தினான். குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. மகள் போய் மூடிவிட்டு வந்தாள்.

"குழாயைத் திறந்துபோட்டுட்டு வந்துட்டீங்களேப்பா. ஆமா, யாரைக் கூப்பிட்டீங்க?"