பழைய கர்னல்

"கர்னல் ரொம்பப் பழசாயிடுச்சு. இன்னும் வச்சிருந்தா நமக்குத்தான் ஆபத்து."

சங்க அலுவலகத்தின் கதவைத் தட்டப்போன கை அப்படியே அந்தரத்தில் நின்றது. கர்னல் காதைத் தீட்டிக்கொண்டார். பேசியது அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் மேனேஜரம்மா.

"சட்டுனு தூக்கிடலாமா மேடம்?" இது லிஃப்ட் மெக்கானிக்கின் குரல்.

"அவசரப்படாதீங்க. முதல்ல புதுசைக் கொண்டாந்து வைப்போம். அது ஒழுங்கா வேலை பார்க்குதான்னு பார்த்துட்டு, அப்புறமா பழசைத் தூக்கிக்கலாம்."

கர்னலுக்கு ரத்தம் தலைக்கேறியது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து, பதினோரு வருஷமாக, இந்த அறுபத்துநாலு வீட்டுக் குடியிருப்புக்கு அவர்தான் தலைவர். அவரை எதிர்த்து ஒருத்தரும் நின்றதில்லை. அவர் லிஃப்டில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் மரியாதையாக இறங்கிப் படியில் போவார்கள். எட்டாவது மாடிக்காரர்கள்கூட.

அப்பேர்ப்பட்டவரை 'பழசாயிட்டார்' என்றுகூடச் சொல்லவில்லை. 'பழசாயிடுச்சு'! ஆளைச் சொல்கிறார்களா, அலமாரியைச் சொல்கிறார்களா?

"புதுசு மக்கர் பண்ணினா என்ன மேடம் பண்றது?"

"வேற வழி? மறுபடி பழசையே உட்கார வச்சுட்டு, சகிச்சுக்க வேண்டியதுதான்."

இதற்கு மேல் கேட்க அவருக்குப் பொறுமையில்லை. விடுவிடுவென்று கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். தூணில் சாய்ந்துகொண்டு, ஒற்றை விரலால் குடியிருப்போர் வாட்ஸாப் குரூப்பில் தட்டினார்.

'தலைவர் பதவியிலிருந்து இந்தக் கணமே விலகுகிறேன். யாருக்கும் பாரமாக இருந்து எனக்குப் பழக்கமில்லை. இப்படிக்கு, கர்னல்.'

அனுப்பிவிட்டு போனைச் சட்டைப் பையில் போட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, பை கிர்ர், கிர்ர் என்று அதிர ஆரம்பித்தது. துடிக்கட்டும், நல்லாத் துடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு சுற்று நடந்து மூச்சைச் சரி பண்ணிக்கொண்டு, இந்தத் தடவை கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தார்.

இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருந்தார்கள். மெக்கானிக் கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"எனக்கு எல்லாம் தெரியும். யார் அந்தப் புதுசு?"

மேனேஜரம்மா திருதிருவென்று விழித்தார். "ஆறு புள்ளி எட்டு சார்."

"ஆறாவது மாடி, எட்டாம் நம்பர் வீடா? அந்தப் பல் டாக்டரா! அந்தாளு கட்டின பல்லு ஒண்ணாவது ஒழுங்கா நிக்குதா?"

"டாக்டரா? ஐயையோ சார்!" மேனேஜரம்மா எழுந்தே விட்டார். "நாங்க பேசினது கம்ப்யூட்டர் கர்னலை சார். கெர்னல்னு சொல்லணுமாம், எங்க வாய்க்கு இப்படித்தான் வருது. கேட், கேமரா எல்லாம் இதுலதானே ஓடுது? உள்ளே உட்கார்ந்துக்கிட்டு எல்லாத்தையும் அதட்டி வேலை வாங்குறது அதுதானாம். பழசா இருந்தா, கண்டவனும் வெளியிலேர்ந்தே உள்ளே புகுந்துடுவானாம். எப்படி மாத்துறதுன்னு சர்வீஸ்காரர் எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. எங்க ரெண்டு பேருக்குமே இது முதல் தடவை."

மெக்கானிக் காகிதத்தை நீட்டினார். "இந்த வரியை அடிச்சா இப்ப ஓடுற கர்னல் என்ன நம்பர்னு சொல்லும் சார். காலையில அஞ்சு புள்ளி நாலு. இப்பப் புதுசைப் போட்ட அப்புறமும் அதே அஞ்சு புள்ளி நாலு! எனக்குக் கை காலே ஓடலை. அப்புறம் பார்த்தா, ஒருதடவை அணைச்சுப் போட்டாத்தான் புதுசு பதவி ஏத்துக்குமாம்."

"அப்ப அணையுங்களேன். எதுக்குப் பயந்துக்கிட்டு?"

மேனேஜரம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டினார். திரை இருண்டது. வெளியே கேட் திறக்காமல் இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கர்னல்கூடத் தன்னை அறியாமல் விறைப்பாக நின்றார்.

திரை மெல்ல வெளுத்தது. வெளியே கேட் முனகிக்கொண்டு திறந்தது. மேனேஜரம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அந்த வரியை அடித்தார்.

"ஆறு புள்ளி எட்டு!" மெக்கானிக் குதித்தே விட்டார்.

எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியது கர்னல்தான். பிறகு நாற்காலியில் சாய்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "அதட்டி வேலை வாங்குறதுக்குப் பேரு கர்னலா? பேரு வச்சவன் விவரமானவன்தான்."

சிரிப்போடு சிரிப்பாக, தான் செய்த காரியத்தையும் சொன்னார். இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த போனை மேனேஜரம்மாவிடம் நீட்டினார்.

"சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணே தெரியலைம்மா. பாவம், போகாதீங்க போகாதீங்கன்னு எல்லாரும் கதறிக்கிட்டிருப்பாங்க. ராஜினாமா ரத்துன்னு நீங்களே ஒரு வரி போட்டுடுங்க."

மேனேஜரம்மா திரையை மேலே தள்ளினார். இன்னும் மேலே தள்ளினார். எட்டிப் பார்த்த மெக்கானிக், ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்தவர் மாதிரி ஸ்குரூ டிரைவரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"என்னம்மா, ரொம்ப அழறாங்களா?"

"எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க சார்." மேனேஜரம்மா போனை அவரிடமே நீட்டினார். "முதல் ஆளா 'சம்மதம்'னு போட்டது உங்க வீட்டம்மா."