சைரனை நிறுத்தியவள்

"யாரு நிறுத்தினாங்கன்னு இப்பவே தெரிஞ்சாகணும். கேளுய்யா அதை" என்று கத்தினார் சக்கரபாணி.

'அது' என்று அவர் சொன்னது பிரேம்குமாரின் லேப்டாப்பில் இருந்த ஏஐ ஏஜென்ட்டை. மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் புயல் எச்சரிக்கை சைரன் வைத்திருக்கும் தனியார் கம்பெனி. சக்கரபாணி மேனேஜர், பிரேம்குமார் இன்ஜினீயர். விழுப்புரம், திண்டிவனம், மரக்காணம் என்று சர்வர் மூன்று. முன்னெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து தேடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இப்போது தமிழிலேயே கேள்வியைத் தட்டினால் போதும், மூன்றுக்கும் அதுவே போய்த் துழாவிப் பதிலைக் கொண்டு வந்துவிடும்.

விஷயம் சின்னதில்லை. மூன்று வாரம் முன்பு ஒரு விடியற்காலை காற்று எச்சரிக்கை வந்ததும் எல்லாக் குப்பத்திலும் சைரன் அலறியது. ஒரே ஒரு குப்பத்தில் மட்டும் ஊமையாக நின்றது. அங்கிருந்து ஒரு படகு கடலுக்குப் போனது. போன மூன்று பேரில் தேவா மட்டும் திரும்பவில்லை. உடம்பு மூன்றாம் நாள் கரை ஒதுங்கியது.

கம்பெனி இத்தனை நாளும் 'டெக்னிக்கல் ஃபால்ட்' என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டது. காரியம் முடிந்த கையோடு தேவாவின் மனைவி தமிழ்ச்செல்வி திண்டிவனம் ஆபீசுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வாணாம் சார். ஏன் கத்தலை? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

பிரேம்குமார் தட்டினான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"மரக்காணம் சர்வர்ல அந்தக் குப்பத்துச் சைரனை முந்தின நாளே ஆஃப் பண்ணியிருக்காங்க சார். ரெண்டு நாளைக்கு. பண்ணது யாருன்னு திண்டிவனம் சர்வர்ல இருக்குது..." அவன் தயங்கினான். "கெங்கம்மாள்."

எல்லார் கண்ணும் கதவோரம் போனது. கெங்கம்மாள் அங்கேதான் நின்றிருந்தாள். கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். எட்டு வருஷமாகத் தற்காலிகம், அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டியவள்.

"ரெண்டு நாளா? புத்தி இருக்குதா உனக்கு?" என்று சீறினார் சக்கரபாணி.

"ரெண்டு மணி நேரம்னு நெனைச்சுத்தான் சார் கட்டத்துல 2ன்னு போட்டேன். மத்த ரெண்டு சர்வர்லயும் 2ன்னா மணி. மரக்காணம் மட்டும் நாள் கணக்குன்னு எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதாம்! ஒரு உசுரு போயிட்டிருக்குது, சாவகாசமா தெரியாதுங்கிறா."

தமிழ்ச்செல்வி எழுந்தாள்.

"மணியோ நாளோ, அது கெடக்கட்டும். மொதல்ல அதை எதுக்கு நிறுத்தின?"

கெங்கம்மாள் கண் லேப்டாப் பக்கம் போனது.

"இருங்கம்மா, அதையும் கேட்டுடலாம்" என்று பிரேம்குமார் அடுத்த கேள்வியைத் தட்டினான். 'விழுப்புரம் சர்வரில் தேடுகிறேன்' என்று திரையில் ஓடியது.

கெங்கம்மாள் ஒரே எட்டில் வந்து லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"இன்னா திமிரு உனக்கு!" என்று பாய்ந்தார் சக்கரபாணி.

"அது எதுக்கு சார், நானே சொல்றேன். டெஸ்ட்டுன்னு அரை மணிக்கு ஒருக்கா கத்திக்கினே இருந்துச்சு. அது கத்துறப்பல்லாம் கன்ட்ரோல் ரூம்லயும் மணி அடிக்கும். நான் எங்க அக்காகிட்ட போன் பேசிக்கினு இருந்தேன். பேஜாரா இருந்துச்சு, நிறுத்திட்டேன்."

அடிப்பாவி! இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா? பியூன் வேலைக்கு இருந்த சின்னக்கண்ணு தூவென்று ஜன்னல் பக்கம் திரும்பித் துப்பினார்.

"போன் பேசவா?" தமிழ்ச்செல்வி போட்ட கூச்சலில் ஆபீஸ் அதிர்ந்தது. "நீ ஊர்க்கதை பேச எந் தாலியா கெடைச்சுது? நீ நல்லா இருப்பியாடி? நாசமாப் போவ! உன் வீட்டுல எழவு விழ!"

விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள். இரண்டு கையிலும் மண்ணை வாரிக்கொண்டு வந்து கெங்கம்மாள் மேல் தூற்றினாள். கெங்கம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை, மண்ணைத் தட்டிவிடவும் இல்லை. அழுது ஓய்ந்த தமிழ்ச்செல்வியைச் சின்னக்கண்ணு கைத்தாங்கலாக பஸ் ஏற்றிவிட அழைத்துப் போனார்.

சக்கரபாணிக்கு ஒரு வகையில் நிம்மதிதான். கம்பெனி தப்பித்ததே!

"இன்னியோட நின்னுக்க. போலீஸ் கேட்டாலும் இப்ப சொன்னதையே சொல்லணும், புரியுதா?"

"சொல்றேன் சார்."

அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு ஜல்தியாகக் கிளம்பிவிட்டார். பிரேம்குமாருக்கு ஆத்திரம் ஆறவில்லை. லேப்டாப்பைத் திறந்தான்.

"வாணாம் சார், உட்டுடுங்க" என்றாள் கெங்கம்மாள். அவன் காதில் வாங்கவில்லை.

'விழுப்புரம் சர்வர்: சைரன் நிறுத்தப்படுவதற்கு மூன்று நிமிடம் முன்பு கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு போன் வந்துள்ளது' என்று பதில் காத்திருந்தது. கீழே குரல் பதிவு. தட்டினான்.

"அக்கா, படகுக்காரர் தேவா சம்சாரம் தமிழ்ச்செல்வி பேசுறேன். கைப்புள்ளைக்கு ஜுரம்க்கா, அந்தச் சத்தத்துல தூக்கித் தூக்கிப் போடுது. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், கொஞ்ச நேரம் அதை நிறுத்துங்களேன்."

பிரேம்குமார் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ரூல் இல்ல, முடியாதுன்னு அப்ப சொல்லிட்டேன் சார். மனசு கேக்காம அப்புறம்தான் நிறுத்தினேன், அது அவளுக்குத் தெரியாது. டெஸ்ட் முடிஞ்சு தானா நின்னுச்சுன்னு நெனைச்சிருப்பா" என்றாள் கெங்கம்மாள். "நான் முடியாதுன்னு சொன்னதையே அவ நம்பிக்கினு இருக்கட்டும் சார், அந்தப் பதிவை அழிச்சிடுங்க."