பேய்க்குப் பயந்த மாப்பிள்ளை

"ஒண்ணு மட்டும் முன்னாலயே சொல்லிடறேன். பையனுக்குப் பேய்னா பயம்" என்றார் ஹான்சோலின் அம்மா.

கொரியாவில், பூசான் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் மூன்று பேர் உட்கார்ந்து சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா பியோ, சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர். மனைவி போய் வெகுகாலமாகிவிட்டது. எதிரே பையனின் அம்மா, கொசாங் மலைப்பக்கத்து ஆப்பிள் தோட்டக்காரி. நடுவில், பொருத்தம் பார்த்து நாள் குறிக்கும் யோம் அம்மாள்.

எவ்வளவு பயம் என்று கேட்டார் பியோ.

"விளக்கை அணைச்சா தூங்கமாட்டான். டி.வி.யில பேய் வந்தா, தண்ணி குடிக்கற சாக்குல அடுப்படிக்கு வந்து எம்பக்கத்துல நின்னுக்குவான்."

பியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்பந்தம் பேச வந்த இடத்தில் சிரித்தால் நன்றாயிருக்காதென்று கிண்ணத்தை வாயருகே கொண்டுபோய் மறைத்துக்கொண்டார்.

அவருடைய மகள் நாரேவுக்கு அந்த மாதிரித் தொடர்கள் என்றால் உயிர். கிணற்றுக்குள்ளிருந்து தலைவிரி கோலமாக எழுந்து வரும் பேய்ப்பெண், மாடி வீட்டு வாலிபனைக் காதலிப்பாள். பாதி நேரம் சிரிப்பு, பாதி நேரம் அலறல். பயப்படுவதென்னவோ அப்பாதான். போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொள்வார். நாரே ஒரு கையால் காய்ந்த கணவாயைத் தின்றுகொண்டே மறுகையால் அவர் கையைப் பிடித்துக்கொள்வாள்.

இப்போது அவர் தனியாகத்தான் பார்க்கிறார். மகள் ஊருக்கு வெளியே இருக்கிறாள். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய், அவளுக்குப் பிடித்த ஸ்ட்ராபெரிப் பாலைக் கொடுத்துவிட்டு, அந்த வாரம் பேய்ப்பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வருவார். வாரத்தில் அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவது அன்றைக்குத்தான். மற்ற நாளெல்லாம் நெத்திலி விலை சொல்வதோடு சரி.

படங்கள் கைமாறின. பையன் ஒல்லி, காது கொஞ்சம் பெரிது. சிரிப்பில் கள்ளமில்லை. பியோவுக்குப் பிடித்துவிட்டது. ஹான்சோலின் அம்மாவும் நாரேவின் படத்தைக் கையில் வாங்கியவர் கீழே வைக்கவேயில்லை.

கோடைக்குள்ளேயே நாள் வைக்கவேண்டும் என்றார் ஹான்சோலின் அம்மா. இவ்வளவு அவசரம் எதற்கென்று யோம் அம்மாள்தான் விசாரித்தார். இரண்டாவது மகனுக்கு இலையுதிர் காலத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். அண்ணன் தனியாக இருக்கும்போது தம்பிக்கு முதலில் செய்வதற்கு மனசு கேட்கவில்லையாம்.

பட்டுத்துணி எடுப்பது, சாப்பாடு, எல்லாம் பேசி முடிந்தது. பெண்ணுக்கு உடுப்புத் தைக்க அளவு வேண்டுமே என்று கேட்டார் ஹான்சோலின் அம்மா.

"பழைய உடுப்பு ஒண்ணு அனுப்பறேன். அந்த அளவே இருக்கட்டும். மாறியிருக்காது" என்றார் பியோ.

கடைசியில்தான் சிக்கல் வந்தது. இரண்டு பேரும் எங்கே இருப்பது என்ற பேச்சு எழுந்தது.

"எங்க தோட்டத்துக்கு மேலாப்புல நல்ல இடம் இருக்கு நாரே அப்பா. நாள் முழுக்க வெயில் விழும். அங்கேயே ரெண்டு பேரையும் குடிவெச்சிடலாம்."

பியோவின் முகம் சுருங்கியது. கொசாங் என்றால் இரண்டு பஸ் மாறி, அப்புறம் மலையேற வேண்டும். அவருடைய முழங்காலுக்கு வாரம் ஒருமுறை முடிகிற காரியமில்லை. பூசான் பக்கமே வைத்துக்கொண்டால் என்னவென்று கேட்டுப் பார்த்தார். பெண்தானே புருஷன் வீட்டுக்கு வரவேண்டும் என்று அந்த அம்மாள் மெல்லிய குரலில் சொன்னார். சொன்னது வழக்கம்தான், அவர் மேல் குற்றமில்லை.

பியோ தொப்பியை எடுத்துக்கொண்டார். எழுந்து போய்விடலாமென்று இருந்தது. இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்கே இருக்கும்.

ஆனால் அவருக்கும் வயதாகிவிட்டது. அவர் போன பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமை, யார் பஸ் ஏறி வந்து நாரேவுக்குக் கதை சொல்லப்போகிறார்கள்? இதை நினைத்துத்தானே பல ராத்திரிகள் டி.வி. ஓடஓட, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

தொப்பியை மறுபடியும் மேசை மேல் வைத்தார். மகளின் படத்தை ஹான்சோலின் படத்தோடு சேர்த்து, இரண்டையும் அந்த அம்மாள் பக்கமாகத் தள்ளினார்.

"சரி, உங்க பக்கமே இருக்கட்டும். ஆனா மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு சொல்லுங்க. பயம் வந்தா எம்பொண்ணு கையைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. அவளுக்கு அது பழக்கம்தான்."

ஹான்சோலின் அம்மா எட்டி அவருடைய கையைத் தொட்டுவிட்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பியோவும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கொசாங் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

யோம் அம்மாள் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பொறந்த தேதி வாங்கிட்டேன். இப்ப செத்த தேதியைச் சொல்லுங்க."