ஒளிப்பதிவாளருக்கு ஒரு போஸ்டர்

கல்லூரிப் போட்டிக்காக ஒத்திகை அறையில் பாட்டு வீடியோ எடுத்தோம். கேமராவை முக்காலியில் இறுக்கிவிட்டு நாங்கள் நாலு பேருமே ஆடினோம். கடைசி டேக்கில் பாடகி கால் இடறி, ஜன்னலோரம் ஒதுங்கிப் பாடி முடித்தாள். போட்டுப் பார்த்தால், கேமரா அவள் பின்னாலேயே மெதுவாகத் திரும்பியிருந்தது. வீடியோவிலேயே அழகான காட்சி அதுதான்.

"யாருடி திருப்புனது?"

"நாலு பேரும் ஆடிக்கிட்டுல்ல இருந்தோம்!"

வீடியோவின் அதே நீலத்தில் போஸ்டர் தயாரித்தேன். "ஒளிப்பதிவுன்னு யார் பேரைப் போட?"

"இடம் விட்டுடு," என்றாள் பாடகி. "பக்கத்துல நன்றின்னு பெருசா போடு. நம்ம மானத்தைக் காப்பாத்துனவங்கடி."

ஒத்திகை அறைச் சுவரில் மூன்று போஸ்டர்களை ஊசியால் குத்திவிட்டு, கதவைப் பூட்டினோம். மறுநாள் திறந்தபோது இரண்டுதான் இருந்தன. மூன்றாவதன் நாலு ஊசிகளும் மேஜைமேல் இருந்த ஊசி டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தன.

"வீட்டுல காட்ட எடுத்துட்டுப் போயிருப்பாங்க," என்றாள் பாடகி.